உக்கிராணமும் கணக்கும்: முத்துக்குளித்துறைக் கிறித்தவத்தில் பொறுப்பாண்மை, நிலைநிற்றல், தலைமை

ஆய்வுச் சுருக்கம்

முத்துக்குளித்துறைப் பரதவர் 1535–37ஆம் ஆண்டுகளில் கிறித்தவம் தழுவியதை அரசியல் பாதுகாப்புக்கான உடன்பாடாகக் காண்பது ஆய்வுலகில் பெருவழக்கு. அவ்வாறாயின், 1658இல் போர்த்துக்கேயப் பாதுகாப்பு நீங்கியபோது அச்சமயமும் நீங்கியிருத்தல் வேண்டும், ஆனால் நீங்கவில்லை. சமயப் பொறுப்பு ஊர்தோறும் கணக்கப்பிள்ளை, பட்டங்கட்டி, தருமச் சபை, அச்சுநூல் எனப் பகிர்ந்தளிக்கப்பட்டிருந்ததே இதற்குக் காரணம் என இக்கட்டுரை வாதிடுகிறது. அப்பகிர்வு ஈன்ற முரண்களையும் அது கருத்தில் கொள்கிறது.

திறவுச்சொற்கள்: உக்கிராணம், கணக்கப்பிள்ளை, பட்டங்கட்டி, சாதித் தலைவர், அண்டிரிக் அடிகளார், பனிமய மாதா, பொன்தேர்

முன்னுரை

கிறித்தவ அறவியலில் பொறுப்பாண்மை என்பது, தனக்குரியதல்லாத பொருளை உரியவர் பொருட்டுக் காத்துக் கணக்கு ஒப்புவித்தலைக் குறிக்கும். லூக்கா நற்செய்தியின் 16ஆம் அதிகாரத்தில் வரும் உவமை இதற்கு மூலம். அவ்வுவமையின் தலைமை மாந்தனைப் புராட்டஸ்தாந்து மரபின் தமிழ் விவிலியம் உக்கிராணக்காரன் என்று சுட்டும். 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் வீட்டுப் பொறுப்பாளர் என்று சுட்டும். இரண்டாவது சொல் தெளிவானது. முதற்சொல்லோ செறிவானது. உக்கிராணம் என்பது பண்டகசாலை. அதன் திறவுகோலை வைத்திருப்பவன் அங்குள்ள நெல்லுக்கு உடைமையாளன் அல்லன். ஆயினும் ஒரு படி குறைந்தாலும் விடை கூற வேண்டியவன் அவனே. அன்றாடப் பேச்சில் இச்சொல் அருகி வருவதால், உவமையின் கூர்மை இன்றைய வாசகருக்குச் சற்று மழுங்கியே தோன்றும் எனலாம்.

இச்சொல்லின் பொருளை உழவர் நாட்டைக் காட்டிலும் எளிதில் உணரத்தக்க நிலப்பகுதி ஒன்று தமிழகத்தில் உண்டு. அது தூத்துக்குடியை நடுவாகக் கொண்டு மன்னார் வளைகுடாவை ஒட்டி நீளும் முத்துக்குளித்துறை. அங்குக் கடலடியில் மூச்சடக்கிச் சிப்பி எடுத்தவனுக்கு அச்சிப்பி உரிமையுடையதன்று. ஆங்கிலேயர் காலச் சலாபத்தில் தோணிகள் கரை சேர்ந்ததும் சிப்பிகள் யாவும் கொட்டு எனப்பட்ட வேலியிட்ட இடத்திற்குக் கொண்டு செல்லப்படும். அங்கு மூன்று குவியலாக்கப்பட்டு, இரண்டு அரசுக்கும் ஒன்று குளித்தோர்க்கும் சேரும். அரசின் பங்கு ஆயிரம் ஆயிரமாக எண்ணப்பட்டு ஏலம் போகும். சிப்பிக்குள் முத்து உண்டோ இல்லையோ என்பது எடுத்தவனுக்கும் தெரியாது, ஏலம் கேட்பவனுக்கும் தெரியாது. எண்ணிக்கையும் நம்பிக்கையும் ஒருங்கே இயங்கிய தொழில் இது. குளிப்பவனின் கயிற்றை அவன் மைத்துனனே பிடிக்க வேண்டும், தன் உடன்பிறந்தாள் கைம்மையுறுவதை அவன் விரும்பமாட்டான் என்று காரணம் கூறும் வழக்கும் இக்கடற்கரையில் உண்டு.

உடன்பாடும் சமயமும்

முத்துக்குளிப்பின் உரிமை குறித்துப் பரதவர்க்கும் முகமதிய வணிகர்க்கும் எழுந்த பூசல் முற்றியபோது, கோழிக்கோட்டைச் சேர்ந்த கிறித்தவக் குதிரை வணிகர் ஜோவான் த குரூஸ் என்பாரின் அறிவுரைப்படி, பட்டங்கட்டிமார் கொச்சி சென்று போர்த்துக்கேயரின் உதவியை நாடினர். பட்டங்கட்டி என்பது ஊர்த்தலைவரைக் குறிக்கும் சொல். திருமுழுக்கு அவ்வுதவியின் நிபந்தனையாகவும் விளைவாகவும் அமைந்தது. 1538இல் வேதாளையில் நிகழ்ந்த கடற்போரில் போர்த்துக்கேயர் வெற்றி பெற்றதும் உடன்பாட்டின் ஒரு பக்கம் நிறைவேறியது. மறுபக்கமோ ஏறத்தாழ வெறுமையாகவே கிடந்தது. திருமுழுக்குப் பெற்ற பல்லாயிரவர்க்கு அதன் பின்னர்ச் சில ஆண்டுகள் போதிப்பார் இலர். செபங்கள் தமிழில் இல்லை.

பிரான்சிசு சவேரியார் 1542ஆம் ஆண்டின் இறுதிப் பகுதியில் இக்கரைக்கு வந்தபோது கண்ட நிலை இதுவே. அவர் தமிழறிந்தார் துணையுடன் செபங்களை மொழிபெயர்த்து மனனம் செய்து ஊர் ஊராகக் கற்பித்தார் என்பது பலரும் அறிந்த செய்தி. பொறுப்பாண்மை நோக்கில் அதனினும் முதன்மையானது, ஊரைவிட்டு நீங்கும்போது அவர் செய்த ஏற்பாடு. ஒவ்வோர் ஊரிலும் ஒருவரைச் செபங்கள் கற்பிக்கவும், பிறப்பு இறப்புகளைக் கவனிக்கவும், இறக்கும் நிலைக் குழந்தைக்குத் திருமுழுக்கு அளிக்கவும் அமர்த்தினார். அவர்க்கு வழங்கிய பெயர் கணக்கப்பிள்ளை.

இப்பெயர் ஊன்றி நோக்கத்தக்கது. ஆசிரியர், உபதேசியார் முதலிய சொற்கள் இருக்கவும், கணக்கு எழுதுபவனின் பெயரே சமயப் பணியாளர்க்கு வாய்த்தது. சிப்பியையும் தோணியையும் எண்ணி வாழ்ந்த மக்களிடையே, ஊரின் ஆன்மாக்களை எண்ணிக் காப்பவனும் கணக்கப்பிள்ளையே ஆனான். இதனை நிருவாகச் சொல்லின் தற்செயலான நீட்சி என்று ஒதுக்குவாரும் உளர். எனினும், உவமையில் தலைவன் உக்கிராணக்காரனிடம் கேட்பதும் கணக்கே என்பதை நினைவிற் கொண்டால், இக்கடற்கரைச் சொல்வழக்கு மூலநூலின் கருத்துக்கு மிக நெருங்கி நிற்பது புலனாகும்.

கணக்கப்பிள்ளைக்கு ஊதியம் எங்கிருந்து வந்தது என்பது அடுத்த வினா. முத்துக்குளித்துறையிலிருந்து போர்த்துக்கேய அரசியின் காலணிச் செலவுக்கென ஆண்டுதோறும் 4000 பணம் ஒதுக்கப்பட்டு வந்தது. அத்தொகையைச் சவேரியார் கணக்கப்பிள்ளைகளுக்குக் கேட்டுப் பெற்றார். அரசி விண்ணகம் ஏறுதற்கு இக்கரையின் சிறுவரே தக்க காலணியாவர் என்னும் கருத்துப்பட அவர் எழுதியதாக வரலாற்றாசிரியர் குறிப்பர். இவ்வேண்டுகோளின் நயத்தைப் பாராட்டி நின்றுவிடுவது பொதுவழக்கம். கருதத்தக்கது அதன் பொருளியல். அப்பணம் முதலில் இக்கடலிலிருந்தே எடுக்கப்பட்டது. மூச்சடக்கியவர் ஈட்டியதை மூச்சடக்கியவரின் மக்களுக்கே திருப்பியதுதான் அவர் செய்த பொறுப்பாண்மை.

1544: தலைமையின் சோதனை

தலைமையின் தன்மையை அறிய 1544ஆம் ஆண்டின் கடிதங்கள் சிறந்த சான்று. சவேரியார் தம் உடன்பணியாளர் பிரான்சிசுகோ மன்சிலாசுக்கு அவ்வாண்டில் எழுதியவை அவை. அக்கடிதங்களில் உயர்ந்த இறையியல் ஏதும் இல்லை. ஊர்ச் சண்டை, கள், தண்டம், தோணி, நோயாளிகள் என அன்றாடமே நிறைந்துள்ளது. மக்களிடம் பொறுமை காட்டுமாறு மன்சிலாசை அவர் மீண்டும் மீண்டும் வேண்டுகிறார். மீண்டும் மீண்டும் வேண்ட நேர்ந்தமையிலிருந்தே அப்பொறுமை எளிதாக வாய்க்கவில்லை என உய்த்துணரலாம்.

அவ்வாண்டு சூன் திங்களில் வடுகர் படை தென்கடற்கரையில் புகுந்தது. கன்னியாகுமரிப் பகுதியினர் கடலிலுள்ள பாறைகளில் அடைக்கலம் புகுந்து பசியாலும் நீர்வேட்கையாலும் வருந்தினர். செய்தி கேட்ட சவேரியார் மணப்பாட்டிலிருந்து 20 தோணிகளில் உணவு கொண்டு புறப்பட்டார். காற்று எதிர்த்தது, தோணிகள் குமரியை அடையவில்லை. பின்னர் அவர் தரைவழியே சென்று துயருற்றோரைக் கண்டார். புனிதர் வரலாறுகள் அற்புதங்களை எடுத்துரைக்கும் அளவுக்கு இத்தோல்வியை எடுத்துரைப்பதில்லை. கிறித்தவ விடாமுயற்சிக்கு எடுத்துக்காட்டு வேண்டின், இப்பயணத்தினும் சிறந்தது வேறில்லை என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

இரண்டாவது நிகழ்வு இன்னும் கடினமானது. தூத்துக்குடிப் போர்த்துக்கேயத் தளபதி கோசுமே த பைவா, தாம் காக்க வேண்டிய மக்களைத் தாக்கும் வடுகர்க்கே குதிரை விற்றுப் பொருளீட்டினார். காவல் அவர் கையில் ஒப்படைக்கப்பட்ட பொருள். அதனை அவர் தம் வணிகத்துக்கு முதலாக்கினார். உவமையின் நேர்மையற்ற உக்கிராணக்காரனுக்கு இக்கடற்கரையில் பெயர் கூற வேண்டின், இவர் பெயரையே கூறலாம். சவேரியார் இவரை மிகக் கடுமையாகச் சாடினார். ஆயினும் செப்டம்பரில் வடுகர் தூத்துக்குடியைத் தாக்கித் தளபதியின் கப்பலையும் உறைவிடத்தையும் எரித்தபோது, தீவுகளில் தவித்த அவர்க்கும் பிறர்க்கும் கொம்புத்துறை, புன்னைக்காயல் ஊர்களிலிருந்து தோணிகளில் உணவும் நீரும் அனுப்புமாறு மன்சிலாசுக்கு உடனே எழுதியவரும் சவேரியாரே. தவற்றைத் தவறென்று கூறுதலும் தவறிழைத்தவன் பசிக்கு உணவு அனுப்புதலும் அவரிடத்து ஒன்றையொன்று விலக்கவில்லை. அத்தோணிகளைச் செலுத்தியவர், அத்தளபதியால் வஞ்சிக்கப்பட்ட பரதவர் என்பதையும் மறத்தல் கூடாது. அவர்தம் பெயர்கள் கடிதத்தில் இல்லை.

அண்டிரிக் அடிகளாரின் நெடும்பணி

சவேரியார் இக்கரையில் இருந்த காலம் குறுகியது. இங்கேயே வாழ்ந்து மறைந்தவர் அண்டிரிக் அடிகளார் (1520–1600). போர்த்துகலில் யூத மரபினர் குடும்பத்தில் பிறந்தமையால், அக்காலத்துத் துறவற அமைப்புகளில் அவர்க்கு வழி எளிதில் திறக்கவில்லை. இயேசு சபை ஏற்றுக்கொண்டது. இக்கரைக்கு வந்து மூன்றாண்டுகள்கூட நிறையாத நிலையில், 1549இல் அந்தோணியோ கிரிமினாலி வேதாளையில் கொல்லப்பட்டார். அப்போது உடன்பணியாளர்கள் தமக்குத் தலைவராகத் தேர்ந்தது அண்டிரிக்கையே. பிறப்பால் ஐயுறப்பட்ட ஒருவர் பணியால் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1576 வரை அப்பொறுப்பு அவரிடம் இருந்தது.

அவர் தமிழிலக்கண நூலொன்றைப் போர்த்துக்கேய மொழியில் எழுதினார். அதன் கையெழுத்துப் படி லிசுபனில் காக்கப்பட்டுள்ளது. 2013இல் ழான் ஹைன், வி. எஸ். ராஜம் ஆகியோரின் ஆங்கில மொழிபெயர்ப்பு வெளிவந்தது. அவர்தம் தம்பிரான் வணக்கம் 1578இல் கொல்லத்திலும், கிரிசித்தியானி வணக்கம் 1579இல் கொச்சியிலும் அச்சாயின. அடியார் வரலாறு என வழங்கும் பெருநூல் 1586இல் வெளிவந்தது. இந்திய மொழியொன்றின் எழுத்தில் அச்சான, இன்று கிடைக்கும் முதல் நூல் என்னும் சிறப்பு தம்பிரான் வணக்கத்துக்கு உண்டு. அச்சு வரலாற்றாசிரியர் அச்செழுத்தை வார்த்தவர் யார் என்று ஆராய்ந்த அளவுக்கு, செலவை ஏற்றவர் யார் என்பதை ஆராயவில்லை. அச்சுப்பணிக்குப் பணம் திரட்டித் தந்தவர் இக்கரைப் பரதவர். முத்தும் சங்கும் எழுத்தாயின என்று கூறின் மிகையாகாது.

நூற்பெயரும் நோக்கத்தக்கது. தம்பிரான் என்பது தலைவன், உடையவன் என்னும் பொருளது. பின்வந்த தத்துவ போதகரான இராபர்ட் தெ நொபிலி சருவேசுரன் முதலிய வடமொழிச் சொற்களை விரும்பினார். அண்டிரிக்கோ மக்கள் வாயில் வழங்கிய சொல்லை எடுத்தாண்டார். இறைவன் தம்பிரான் எனில், கடலும் தோணியும் அவன் உடைமை. பட்டங்கட்டியும் பாதிரியாரும் பொறுப்பாளரே. இப்பொருளை அண்டிரிக் விரித்துரைத்தார் எனக் கூறுதற்கில்லை. ஆனால் சொல்லின் அமைப்பே அதனை உட்கொண்டுள்ளது.

புன்னைக்காயலில் அவர் நிறுவிய மருத்துவமனை உள்ளூர் மக்களுக்கென அமைந்தது. ஊராரின் கொடையே அதன் முதல். பிற்காலத்தில் அங்குத் தருமச் சபை ஒன்றையும் ஏற்படுத்தினார். வடுகர் தாக்குதல் தொடர்ந்தமையால் 1560இல் பரதவரில் ஒரு பகுதியினர் மன்னாருக்குக் குடிபெயர்க்கப்பட்ட காலத்திலும், இத்தகைய அமைப்புகள் முற்றிலும் அழிந்தொழியவில்லை. அவை பாதிரியாரின் உடைமையாக அமையாமல் ஊரின் பொறுப்பாக அமைந்தமை இதற்குக் காரணமாகலாம்.

1658க்குப் பின்

உடன்பாட்டுக் கொள்கை உண்மையாயின், அது மெய்ப்பிக்கப்பட வேண்டிய ஆண்டு 1658. அவ்வாண்டு ஒல்லாந்தர் தூத்துக்குடியைக் கைப்பற்றினர். முத்துக்குளிப்பின் கட்டுப்பாடு அவர்கள் கைக்கு மாறியது. கத்தோலிக்கக் குருக்கள் வெளியேற்றப்பட்டனர். சீர்திருத்தச் சபையின் போதகர் பிலிப்பு பால்தேயு தூத்துக்குடியில் போதித்தார். பாதுகாப்புக்காகச் சமயம் மாறியவர், பாதுகாவலர் மாறியதும் மீண்டும் மாறுவதே இயல்பு. கும்பினியின் சமயத்தைத் தழுவுவதில் பரதவர்க்கு ஆதாயமே மிகுதி. அவர்கள் தழுவவில்லை.

இதற்கு அன்னை மரியா வழிபாட்டின் ஆழத்தைக் காரணமாகக் கூறுவர். அது சரியே, போதியதன்று. வழிபாடு தொடர ஒருவர் செபம் சொல்ல வேண்டும், ஒருவர் விளக்குக்கு எண்ணெய் வாங்க வேண்டும், ஒருவர் சிலையை மறைத்துக் காக்க வேண்டும். குரு இல்லாத ஊரிலும் கணக்கப்பிள்ளை இருந்தார், பட்டங்கட்டி இருந்தார். பனிமய மாதாவின் திருவுருவத்தைக் கொற்கை முதலிய உள்ளூர்களுக்குக் கொண்டு சென்று காத்தனர் என்பது வாய்மொழி மரபு. அத்திருவுருவம் 1555இல் மணிலாவிலிருந்து வந்தது என்னும் மரபில் கால முரண் உண்டு. மணிலாவில் இசுபானியர் நகர் அமைத்தது 1571இல்தான். ஆயினும் நம் வாதத்துக்குச் சிலை எங்கிருந்து வந்தது என்பதைவிட, வந்தபின் யார் காத்தனர் என்பதே முதன்மை.

1713இல் நிறைவெய்திய பனிமய மாதா கோவிலே இந்நிலைநிற்றலின் கல்லாலான சான்று. அது எழுப்பப்பட்டபோது தூத்துக்குடி ஒல்லாந்தர் ஆட்சியில்தான் இருந்தது. சீர்திருத்தச் சபையினரின் கோவில் அந்நகரில் 1750இல்தான் எழுந்தது. அடக்கப்பட வேண்டிய சமயத்தின் கோவில் ஆள்வோர் கோவிலுக்கு முப்பத்தேழு ஆண்டுகள் முந்தியது என்பதில் ஒரு நகைமுரண் உண்டு.

தலைவரும் தேரும்

பட்டங்கட்டிமார்க்கு மேலாக நின்றவர் சாதித் தலைவர். பாண்டியபதி என்றும் அவரை வழங்குவர். முத்துக்குளிப்பில் ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் அவர் வழியாகவே மக்களை அணுகினர். அதற்கென அவர்க்குத் தனி உரிமைகளும் இருந்தன. கோவிலில் அவர்க்கு முதன் மரியாதை உண்டு. சூசன் பெய்லி 1989இல் வெளியிட்ட ஆய்வில், இத்தலைமை தென்னிந்திய அரசுரிமை மரபையும் அன்னை வழிபாட்டையும் ஒருங்கிணைத்தமையை விரிவாக விளக்கியுள்ளார்.

அவ்வொருங்கிணைப்பின் உச்சம் 1806இல் சாதித் தலைவர் தொன் கபிரியேல் த குரூஸ் கோமஸ் அமைத்தளித்த பொன்தேர். ஆண்டுதோறும் ஆகத்து 5ஆம் நாள் நிறைவுறும் திருவிழாவில் இத்தேர் ஓடுவதில்லை. சிறப்பு ஆண்டுகளில் மட்டுமே ஓடும். அண்மையில் 2013, 2023 ஆகிய ஆண்டுகளில் ஓடியது. பிற சமயத்தாரும் திரளாகக் கூடுவர்.

இத்தேரைப் பொறுப்பாண்மையின் நிறைவு எனலாமா? இவ்விடத்தில் ஆய்வாளர் தயங்காமல் இருத்தல் இயலாது. தலைவர் தம் செல்வத்தைத் தம்மிடம் வைத்துக்கொள்ளாமல் அன்னைக்கு அளித்தார் என்பது ஒரு வாசிப்பு. மன்னன் கோவிலுக்குத் தேர் செய்தளித்துத் தன் அரசுரிமையை நிறுவுவதுபோல, இத்தலைவரும் தம் தலைமையை நிறுவினார் என்பது மற்றொரு வாசிப்பு. இரண்டும் ஒருங்கே உண்மையாதல் கூடும். ஆனால் மூச்சடக்கிக் குளித்தவனிடம் கணக்குக் கேட்கும் வழி தலைவர்க்கு இருந்தது; தலைவரிடம் கணக்குக் கேட்கும் வழி குளித்தவனுக்கு இருந்ததா? பிறப்புரிமையால் வந்த தலைமைக்கும் 1549இல் உடன்பணியாளர் தேர்ந்த தலைமைக்கும் உள்ள வேறுபாடு இவ்வினாவில்தான் வெளிப்படுகின்றது. மேலும், இப்பொறுப்பாண்மை ஒரு சாதியின் எல்லைக்குள் இயங்கியது என்பதையும் மூடி மறைத்தல் ஆய்வறமன்று.

இயேசு சபை 1773இல் கலைக்கப்பட்டபின் குருக்கள் அருகினர். கோவில் பொறுப்பு மேலும் ஊரார் கையில் ஊன்றியது. 1838இல் புதிய மதுரை மறைப்பணித்தளத்தினர் வந்தபோது மோதல் எழுந்தது. கோவில் உடைமை யாருடையது, மரியாதை யாருக்கு, உண்டியல் யார் பொறுப்பு என்பவையே வழக்குகளின் சாரம். வணிகத்தால் உயர்ந்த குடும்பங்களும் சாதித் தலைவரின் தனியுரிமையை வினவத் தொடங்கின. குருக்கள் இதனைக் கீழ்ப்படியாமை என்றனர். ஒல்லாந்தர் காலத்தில் நிலைநிற்றல் எனப் போற்றப்பட்ட அதே பண்பு, குருவை எதிர்த்தபோது பிடிவாதம் எனப் பெயர் பெற்றது. ஆவணத்தை எழுதியவர் யார் என்பதைக் கொண்டே பெயர் மாறியது.

1923இல் தூத்துக்குடி தனி மறைமாவட்டமானது. அதன் முதல் ஆயர் திபூர்சியுஸ் ரோச் இக்கரையின் பரதவர் குலத்தவர். நவீன காலத்தில் இலத்தீன் வழிபாட்டு முறைக்கு அமைந்த முதல் இந்திய ஆயர் அவர். மக்களின் தலைமையும் திருச்சபையின் தலைமையும் ஒரே குலத்தில் சந்தித்தமையால், பழைய வழக்குகளின் வேகம் தணியும் சூழல் உருவானது. முத்துக்குளிப்போ 1961க்குப் பின் இக்கரையில் நடைபெறவில்லை. அவ்வுலகின் தேய்வைத் தூத்துக்குடியைக் களமாகக் கொண்ட ஜோ டி குரூஸின் கொற்கை (2009) புனைவாக்கியுள்ளது.

ஆய்வாளர் இதுவரை பெரிதும் சார்ந்திருப்பது போர்த்துக்கேய, ஒல்லாந்த, ஆங்கில ஆவணங்களையே. அவற்றில் பட்டங்கட்டியும் கணக்கப்பிள்ளையும் பிறர் வாயிலாகவே பேசுகின்றனர். கடற்கரைப் பங்குகளில் எஞ்சியுள்ள திருமுழுக்கு ஏடுகளும் கோவில் வரவு செலவு ஏடுகளும் தமிழ்ப் பனுவல்களாக இன்னும் வாசிக்கப்படவில்லை. எண்ணெய்க்கு எவ்வளவு, தேர்வடத்துக்கு எவ்வளவு, கைம்பெண்ணுக்கு எவ்வளவு என்னும் வரிகளில்தான், தலைவரிடம் கணக்குக் கேட்கப்பட்டதா என்னும் வினாவுக்கு விடை இருத்தல் கூடும். உப்புக்காற்றில் தாள் விரைந்து இற்றுப்போகும் கடற்கரை இது.